இருபது வயதில் கடல்பாசி கட்ட வந்த எனக்கு

நீ 2010-இல் கல்யாணமாகி முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மண்டபத்துக்கு வந்தாய். அதற்கு முன்னால் கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாய். ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேசுவரம் போன அன்றைக்கு, அக்கினி தீர்த்தத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டதோடு சரி. மிளகாய் தெரியும், பருத்தி தெரியும், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடத் தெரியும். வந்த ஆறாவது மாதம் அத்தை "வீட்டுல சும்மா இருக்கிறதுக்குப் பாசி கட்ட வாத்தா" என்று கூப்பிட்டார், நீயும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்விட்டாய். என்ன பாசி, யாருக்குப் போகிறது, கிலோ என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருவுக்குக் கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மருமகளாக வந்திருக்கிறாள். "அக்கா, நானும் பாசி கட்டட்டுமா, முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் இத்தனையும் அன்றைக்கு உனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதனால் உனக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். புதிதாக வருகிற யாரும் இதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், கையில் பிடித்திருப்பது என்ன என்று தெரிந்துகொள்

நாம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசிக்குக் கப்பாபைகஸ் என்று பெயர். இது நம் கடலில் தானாக விளைந்தது இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. மண்டபத்தில் இருக்கிற மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இங்கே வளர்த்துப் பார்த்து, அப்புறம் 2000-ஐ ஒட்டி பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில் ஊர் ஊராகக் கட்டக் கொடுத்தது. இதைக் காயவைத்து ஆலைக்கு அனுப்பினால் கராஜினன் என்று ஒரு பொருள் எடுப்பார்கள். ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து இதிலெல்லாம் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது அதுதான். பச்சைப் பாசியைப் பிழிந்த சாறு பயிருக்குத் தெளிக்கவும் போகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாங்குகிறவர் "பாசிதானே, என்ன பெரிய விலை" என்று பேசும்போது உனக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

இதை இயற்கைப் பாசியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எல்லாம் பாறையில் தானாக வளர்வது, அதை மூழ்கிப் பறிப்பார்கள். பாம்பன் சின்னப்பாலம் பெண்கள் தலைமுறையாக அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்க காலத்தில் நிறுத்திவைப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்து நடத்தியதற்காக அவர்களில் லட்சுமி அக்காவுக்கு 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காக்கிற சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே போய் எடுப்பதில் வனத்துறைக் கெடுபிடி உண்டு. அந்தத் தொழிலுக்கு மூச்சும் வேண்டும், கடல் பழக்கமும் வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவள் அதில் முதல் வருடமே இறங்காதே.

வடகடல், தென்கடல்

இந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நம் பாசி வடகடலில் மட்டும்தான். தென்கடலில் கட்டக் கூடாது. குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பிய்ந்து போய்ப் பவளப்பாறை மேல் ஒட்டிப் படர்ந்து, பாறையையே மூடியதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். பவளம் செத்தால் மீன் தங்காது, மீன் தங்காவிட்டால் உன் வீட்டுக்காரர் வலைக்கு என்ன வரும்? யாராவது "தெக்க எடம் காலியா இருக்கு" என்று சொன்னால் போகாதே.

வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை. அப்போது அப்படியே மாறும், அலை முழுக்க நம் மிதவை மேல்தான் வந்து விழும். அந்த மூன்று மாதத்துக்குச் சம்பாத்தியம் இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் மற்ற மாதங்களை நடத்த வேண்டும். நீ அதை இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டாய், தீபாவளிச் சீட்டுக்குக் கட்டப் பணமில்லாமல் தோட்டை அடகு வைத்த பிறகு.

தண்ணீரில் இறங்கும் முன்

நீந்தக் கற்றுக்கொள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று உன்னிடம் சொன்னார்கள். இடுப்பளவுத் தண்ணீரிலும் சேலை காலைச் சுற்றினால், நங்கூரக் கயிற்றில் கால் மாட்டினால் விழுந்து எழ முடியாது. அதனால் முதல் வேலையாகச் சேலையை விடு. வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, பழைய டிராக் பேன்ட், தலைக்கு ஒரு துண்டு, காலுக்கு ரப்பர் செருப்பு, அதைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டு. அத்தை ஒரு வாரம் முகம் சுளிப்பார், அப்புறம் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். நம் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

மூங்கிலில் ஒட்டியிருக்கும் சிப்பி கையைப் பிளேடு மாதிரி கிழிக்கும். விரலுக்குத் துணி சுற்று. பாசியைத் தின்ன ஓரா மீன் வரும், அதன் முதுகு முள் குத்தினால் கடுகடுவென்று வலி மேலே ஏறும். உடனே கரைக்கு வந்து, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் குத்திய இடத்தை அரை மணி, ஒரு மணி நேரம் முக்கி வை, வலி இறங்கும். சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டால் மண் போட்டுத் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே, கடல் தண்ணீரிலேயே கழுவு. மூச்சு முட்டினால், உதடு வீங்கினால் கைமருந்து எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்றை உன்னிடம் யாருமே சொல்லவில்லை. கரையில் கக்கூஸ் இல்லை என்று காலையில் தண்ணீரே குடிக்காமல் போவாய். ஈரத் துணியோடு ஐந்து மணி நேரம், மேலே வெயில். இரண்டாவது வருடம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்ததற்குக் காரணம் அதுதான், கடல் சூடு என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டு பத்து நாளைக் கடத்தினாய். தண்ணீர் குடித்துவிட்டுப் போ, இரண்டு லிட்டர் எடுத்துப் போ, மாற்றுத் துணி எடுத்துப் போ. காவிரித் தண்ணீர் வராமல் குடம் விலைக்கு வாங்குகிற நாளிலும் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடிக்காதே. மறைவுக்கு நாலு பெண்கள் சேர்ந்து தார்ப்பாயும் நாலு கம்பும் போட்டாலே ஒரு தடுப்பு ஆகிவிடும். நாங்கள் அதைச் செய்ய ஆறு வருடம் ஆனது, நீ முதல் மாதமே செய்.

மிதவை கட்டுவது

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி சதுரம். மூன்று நாலு அங்குலக் கனம் உள்ள மூங்கில், வெடிப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கு. வெடித்த மூங்கிலில் தண்ணீர் ஏறி ஒரே மாதத்தில் முழுகும், தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். நாலு மூலைக்கும் குறுக்கே நாலடித் துண்டு வைத்துக் கட்டு, இல்லையென்றால் அலையில் சதுரம் சாய்சதுரமாகிவிடும். உள்ளே வரிசையாக 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் துண்டுக் கயிறு. ஒவ்வொரு துண்டுக் கயிற்றிலும் 150 கிராம் விதைப்பாசி. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை.

முடிச்சு விஷயத்தில் பொறுமையாக இரு. நீ முதல் நாள் மிளகாய் மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாய். பக்கத்து வீட்டு மைனி பார்த்துவிட்டு, "ஏ தாயி, அது கழுத்தை நெரிச்சா வளருமா?" என்று எல்லாவற்றையும் அவிழ்க்க வைத்தார். பாசி நம் விரல் மாதிரி சதைப்பற்றாக, கிளை கிளையாக இருக்கும். இறுக்கினால் அந்த இடம் நசுங்கி வெளுத்து அறுந்துவிடும். லூசாக விட்டால் அலையில் நழுவும். கட்டி முடித்த பின் பாசியைப் பிடித்து லேசாகச் சுற்றிப் பார், சுற்ற வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. முதல் கயிறுக்கு ஒரு மணி நேரம் ஆகும், கை பழகியதும் பேசிக்கொண்டே கட்டலாம். விதைப்பாசியை வெயிலில் வைத்துக்கொண்டு கட்டாதே, நிழலில், கடல் தண்ணீர் நனைத்த சாக்குக்கு அடியில் வைத்துக் கட்டு, கட்டியதை அன்றைக்கே கடலில் இறக்கு.

அடியில் பழைய வலையை விரித்துக் கட்டு. ஓராவும் ஆமையும் கீழிருந்து வந்து கடிப்பதை அது தடுக்கும், அறுந்து விழுகிற பாசியையும் பிடித்து வைக்கும். அறுந்த பாசி கடலில் எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. பத்து மிதவையைக் கோர்த்து 15 கிலோ நங்கூரம் போடு. தண்ணீர் வற்றுகிற நேரத்திலும் மிதவைக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது இரண்டடி இருக்க வேண்டும், தரை தட்டினால் சேறு ஒட்டிப் பாசி அழுகும்.

கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதே

45 நாளில் 60 கிலோ 240, 260 கிலோ வரை வரும் என்பார்கள். வரும், ஆனால் தானாக வராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போய் ஒவ்வொரு கயிற்றையும் தூக்கி உலுக்க வேண்டும். பாசி மேல் தூசி படியும், முடி மாதிரி வேறு பாசி படரும், அதைக் கையால் எடுத்துவிட வேண்டும். களை எடுக்காத மிளகாய் வயல் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அதே கதைதான் இங்கேயும்.

எல்லா மிதவையையும் ஒரே நாளில் கட்டாதே. ஒரு ஆள் பார்த்துக்கொள்ள 45 மிதவை சரியாக இருக்கும் என்று சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாளைக்கு ஒன்று கட்டிக்கொண்டே போனால், 46-ஆம் நாள் முதல் மிதவை அறுவடைக்கு நிற்கும். அப்புறம் தினமும் ஒன்றை அறுத்து, அதையே மறுபடி கட்டி இறக்கலாம். வேலையும் தினம், காசும் தினம். புதிதாக வருகிறவள் பத்து, பதினைந்தில் தொடங்கு, ஆனால் அப்போதும் மூன்று நாளைக்கு ஒன்று என்று இடைவெளி விட்டுக் கட்டு.

விதை

எழுதத் தொடங்கியதே இதைச் சொல்லத்தான்.

நீ 2014 பங்குனியில் 15 மிதவையையும் அறுத்தாய். விலை நன்றாக இருந்தது. நாத்தனார் கல்யாணம் வந்தது. மிதவைக்கு 60 கிலோ விதைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தும், பக்கத்தில் எல்லோரிடமும் இருக்கிறதே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மொத்தத்தையும் காயப்போட்டு விற்றுவிட்டாய். பத்து நாளில் காற்று நின்றது. கடல் அசையவே இல்லை, காலை எட்டு மணிக்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து மைனி மிதவையில் முதலில் ஒரு கிளை நுனி வெளுத்தது, எலும்பு மாதிரி. மறுநாள் கயிற்றுக்கு நாலு. ஐந்தாம் நாள் கயிற்றைத் தூக்கினால் பாசி கையில் வழவழவென்று கரைந்து தண்ணீரில் விழுந்தது. மைனி கயிற்றைப் பிடித்தபடியே நின்றார், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கோடையில் கரை முழுக்க அப்படித்தான் போனது, வாங்கிக்கொள்ளலாம் என்று நீ நினைத்த விதை யாரிடமும் இல்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் சொன்ன விலை உனக்கு எட்டவில்லை. ஐந்து மாதம் இறால் கம்பெனிக்குக் கூலிக்குப் போனாய்.

ஆகவே அறுவடை நாளில் தராசைத் தொடும் முன் விதையைப் பிரித்து வை. நல்ல கருஞ்சிவப்பாக, தொட்டால் விறைப்பாக, உடைத்தால் படக்கென்று உடைகிற இளங்கிளையாகப் பார்த்து எடு. அடிப்பக்கத்து முற்றல் கிளையை விதைக்கு வைக்காதே, அது காயப்போட. வெளுத்த பக்கத்திலிருந்து ஒரு கிள்ளுகூட விதைக்குச் சேர்க்காதே, பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

மிதவையை ஒரே இடத்தில் வைக்காதே. பாதி இங்கே, பாதி நீரோட்டம் இருக்கிற வேறு இடத்தில், முடிந்தால் வேறு ஊரில் நம்பிக்கையான ஆளிடம். என் விதையில் ஒரு பங்கு தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு அக்காவிடம் இருக்கிறது, அவருடையதில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இதில் காசு பேச்சே கிடையாது. ஒருவர் இடத்தில் போனாலும் மற்றவரிடம் மிஞ்சும்.

நுனி வெளுக்கத் தொடங்கினால் 45 நாள் ஆகட்டும் என்று காத்திருக்காதே. முப்பது நாள் ஆகியிருந்தாலும் அறுத்து, நல்லதை ஆழமான, ஓட்டமுள்ள தண்ணீருக்கு மாற்று, மற்றதைக் காயப்போடு. கிடைத்தது லாபம். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய மழைக்குப் பிறகும் இதே கதைதான், கரையோரத்தில் உப்பு குறைந்தால் பாசி தாங்காது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரம், பாம்பன் பக்கம் மேகம் உடைந்த மாதிரி கொட்டியதே, அதற்கு முன்பே மிதவையைக் கரையேற்றியிருந்ததால் எனக்கு மூங்கிலாவது மிஞ்சியது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் அப்புறம் மிதவையைப் பார்க்கக் கடலில் இறங்காதே, மூங்கில் மறுபடி வாங்கலாம்.

விதை முழுக்கப் போய்விட்டால் எங்கே கேட்பது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள். மண்டபத்தில் உப்பு ஆராய்ச்சி நிலையமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. திசு வளர்ப்பில் உண்டாக்கிய நாற்று வந்திருக்கிறது, பயிற்சியும் கொடுக்கிறார்கள். நீ அந்தக் கேட்டைத் தாண்டி ஐந்து வருடம் நடந்து போனாய், உள்ளே போகக் கூச்சப்பட்டாய். உள்ளே இருக்கிறவர்கள் நன்றாகப் பேசுவார்கள், போ.

காயப்போடுவது

இது உனக்குத் தெரிந்த வேலை. அம்மா முண்டு மிளகாய் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. களத்தில் மண் ஒட்டக் கூடாது, சாயங்காலம் பனிக்கு மூட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்ட வேண்டும் என்று அவர் சொன்னது அத்தனையும் இங்கே செல்லும். மணலில் போடாதே. வலையோ தார்ப்பாயோ விரித்து மெல்லிசாகப் பரப்பு. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். ஒரு சொட்டு மழை பட்டாலும் பாசி வெளுத்துவிடும், வாங்குகிறவர் அதைத் தனியாகத் தள்ளிவிடுவார். மேலே உப்பு பூத்து, பிடித்தால் தோல் வார் மாதிரி இருந்தால் பதம். பத்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது நிற்கும்.

கணக்கு

இப்போது கடனைப் பற்றிச் சொல்கிறேன், இதையும் அவசரப்படாமல் படி.

முதல் வருடம் மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் காசு இல்லாமல், பாசி வாங்குகிற ஒரு வியாபாரியிடம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கினாய். வட்டி கிடையாது, பாசியை எனக்கே போட்டால் போதும் என்றார். நல்ல மனுஷன் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். மற்றவர்களுக்குக் கொடுக்கிற விலையில் உனக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு, முன்பணம் நிற்கிறதே, அதனால். ஐந்து ரூபாய்தானே என்று விட்டுவிட்டாய்.

அதை இப்போது என்னோடு உட்கார்ந்து கூட்டிப் பார். ஒரு மிதவையில் விதை போக 200 கிலோ பச்சை, காய்ந்தால் 20 கிலோ. 15 மிதவைக்கு 300 கிலோ. வருடத்துக்கு ஐந்து அறுவடை, 1,500 கிலோ. கிலோவுக்கு ஐந்து என்றால் வருடம் 7,500. மூன்று வருடத்தில் 22,500 ரூபாய் கொடுத்திருக்கிறாய், வட்டியே இல்லாத கடனுக்கு. அசல் 20,000 அப்படியே நின்றது. இதோடு ஒவ்வொரு மூட்டைக்கும் ஈரம், மண் என்று இரண்டு கிலோ கழிவு வேறு. நீ கண்ணீர் விட்ட நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெரியவளின் பழைய நோட்டில் பின்பக்கத்தில் இதைக் கூட்டிப் பார்த்த ராத்திரி.

முன்பணத்துக்கு பதில் மகளிர் குழுவில் சேர்ந்து குழு லோன் வாங்கு. அதில் வட்டி என்ன என்று எழுத்தில் இருக்கும், கட்டினால் தீரும், பாசியை யாருக்கு விற்கிறாய் என்று குழு கேட்காது. 2020-இல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாசி மிதவைக்குப் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வைத்திருந்தார்கள். இப்போதைக்கு என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். மானியம் கைக்கு வரத் தாமதமாகும், அதை நம்பி மூங்கிலுக்கு முன்கூட்டியே கடன் சொல்லாதே.

ஒரு தொங்கு தராசு வாங்கு. மூட்டை வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நீயே நிறுத்து, மூட்டை மேல் மார்க்கரில் எழுது, நோட்டில் எழுது. தேதி, எத்தனையாவது மிதவை, பச்சை எடை, காய்ந்த எடை, விலை, கழிவு, கைக்கு வந்தது. ஏழே கட்டம்தான், பத்து நிமிட வேலை. நோட்டோடு போன முதல் நாளே கழிவு இரண்டு கிலோவிலிருந்து அரை கிலோவாக இறங்கியது. நான் சண்டை போடவில்லை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

பணம் உன் பெயரில் இருக்கிற கணக்குக்கு வரட்டும். வீட்டுக்காரரை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் மீன்பிடிக்கப் போகிற படகின் கடன், டீசல், பங்கு எல்லாம் ஒரு கணக்கில் ஓடுகிறது, அதில் உன் காசு விழுந்தால் எது யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போகும். நான் இதைச் சொன்னபோது அவரே, "முன்னாடியே சொல்லியிருந்தா வாடை மாசத்துல அலைஞ்சிருக்க வேண்டாமே" என்றார்.

கார்டு, சங்கம், இன்சூரன்ஸ்

கல்யாணமாகி வந்ததும் ரேஷன் கார்டையும் ஆதார் முகவரியையும் மாற்று. இதைத் தள்ளிப்போட்டால் மற்ற எதுவும் நகராது. அப்புறம் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆகு, மீனவர் நலவாரியத்தில் பதிவு செய். மீனவப் பெண்கள் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீ கட்டுவது 1,500, அரசு சேர்ப்பது 3,000, மொத்தம் 4,500 ஆகத் திரும்ப வரும். ஒரு மாதம் தவணை விட்டுப்போனாலும் சிக்கல், அதனால் பாசிக் காசு வந்த அன்றே கட்டிவிடு. விபத்து இன்சூரன்ஸ் பதிவும் செய்து வை. சம்பதா திட்டத்தில் உயிரிழந்தால் 5 லட்சம், நிரந்தரமாகப் பாதி ஊனமானால் 2.5 லட்சம் என்று வைத்திருந்தார்கள், பிரீமியம் நாம் கட்ட வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்யாமல் போய், எதுவும் கிடைக்காத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை இப்போது என்னோடு கயிறு கட்டுகிறது, படிக்க வேண்டிய வயது.

எப்போது தொடங்குவது

கார்த்திகையில் கல்யாணமாகி வந்த பெண் "நாளைக்கே வரட்டுமா அக்கா" என்கிறாள். வேண்டாம். வாடை தணியட்டும். அதுவரை கார்டு மாற்று, குழுவில் சேர், சாயங்காலம் ஒரு மணி நேரம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பழைய கயிற்றில் முடிச்சுப் பழகு. மார்கழி கடைசியில் மூங்கில் பார்க்கப் போகலாம், தனியாகப் போனால் கூடுதல் விலை சொல்வார்கள், நாலு பேராகச் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்போம். நீச்சலுக்கு வடகடல் கரையில் காலை ஏழு மணிக்கு, வாடை இல்லாத நாளாகப் பார்த்து, மைனியும் நானும் நிற்கிறோம். தை பிறந்து கடல் அமர்ந்ததும் முதல் மூன்று மிதவைக்கு விதை என்னுடையதிலிருந்து எடுத்துக்கொள், 180 கிலோ. 45 நாள் கழித்து அதே 180 கிலோவைத் திருப்பிக் கொடு, காசாக வேண்டாம். வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொண்டு வா.